மலைமுதுகில் ஓர் ஊர்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் மலைநாட்டு இருப்புப்பாதை, 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலை நிலையத்தைக் கடந்ததும் ஒரு சுரங்கத்துட் புகுகின்றது. ஒரு வாயிலில் மழையும் மறு வாயிலில் வெயிலுமாக இருப்பதைக் கண்டு வியந்த பயணிகள் பலர். அங்கிருந்து பாதை படிப்படியாக இறங்கி அப்புத்தளையைச் சேர்கின்றது. 1893ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை இவ்வூரை எட்டிவிட்டது. அப்பாற் பதுளையை அடைவதற்கு 1924 வரை செல்லவேண்டியிருந்தது. மலைகளின் கடுமை அத்தகையது.

அப்புத்தளையில் இறங்குபவர் முதலில் அறிவது காற்றையே. ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், குறுகிய மலைமுதுகொன்றின் மீது ஊர் அமர்ந்திருக்கின்றது. கடைவீதியின் ஒரு முனையில் நின்றால் வீதி வானத்தில் முடிவது போன்ற மயக்கம் உண்டாகும். தெற்கே நிலம் திடீரெனச் சரிந்து தாழ்நிலத்துக் காடுகளிற் போய் விழுகின்றது. வடக்கே ஊவாவின் மலைகள் அலையலையாய் விரிகின்றன. நண்பகல் சாயும்போது தெற்கிலிருந்து மூடுபனி மேலேறி வரும். சற்று முன் மரக்கறிக் கடையாக இருந்தது, பனிக்குள் ஒரு விளக்காக மட்டும் எஞ்சும்.

இவ்வூரிற் பார்ப்பதற்கென்று அதிகமில்லை. களைத்து வருபவருக்கு அதுவே பெரும்பேறு. தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயர் கட்டுவித்த அடிசம் மாளிகை, பின்னாளிற் கத்தோலிக்கத் துறவியரின் மடமாயிற்று. அதுவரை காலாற நடந்து வரலாம். மற்றைய பொழுதில் யன்னலோரம் அமர்ந்து, சுடச்சுடத் தேநீர் அருந்தி, பனி வருவதையும் போவதையும் பார்த்திருக்கலாம். இரண்டு நாளில் உறக்கம் தானாக வந்து சேரும்.

மூன்றாம் நாள் தம்பேதன்னைக்குச் செல்வோர் அதிகாலையிற் புறப்படுதல் நன்று. சேர் தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் நிறுவிய தேயிலைத் தொழிற்சாலை அங்குள்ளது. அதற்கு மேலே, தோட்டத்தினூடாக ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நடந்தால், அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் முகடு வரும். காலை ஒன்பது மணி கடந்தால் பனி மறைத்துவிடக்கூடும்.

அவ்வழியிற் பயணி தனியே நடப்பதில்லை. பெரட்டுக்களத்திலிருந்து மலைக்குச் செல்லும் பெண்கள் எதிர்ப்படுவர். புகைப்படத்துக்கு அழகாயமையும் அச்செங்குத்தான சரிவிலேதான் அவர்கள் நாள் முழுதும் நின்று கொழுந்து பறித்து, சுமையைக் கொழுந்து மடுவத்துக்குத் தூக்கிச் செல்லவேண்டும். பல தலைமுறைகளுக்கு முன்னர் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். “எந்த ஊர், ஐயா?” என்று அன்பாக விசாரிப்பார்கள். நின்று இரண்டு வார்த்தை பேசாமற் போவது முறையன்று.

இம்மலைத்தொடரின் தென்சரிவிலே, கொஸ்லந்தைக்கு அண்மையில், மீரியபெத்தைத் தோட்டம் இருக்கின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், தொடர்மழையால் ஊறிய மலை சரிந்து இலயங்களை மண்ணுள் மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. சொந்தக் காணியில்லாதவர் எங்கே பெயர்ந்து செல்வது?

அப்புத்தளைக்குச் செல்ல விரும்புவோர்க்குத் தை முதற் பங்குனி வரையுள்ள மாதங்கள் உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையிற் பாதைகள் வழுக்கும். மலைகளும் பனியில் மறைந்தே கிடக்கும். பயணிகள் அக்காலத்தில் வருவது குறைவு. இலயங்களில் உள்ளோர் அவ்விரவுகளிற் கூரைமேல் விழும் மழையின் கனத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கின்றனர்.