பேயா? மூளைப் பூட்டா?



நான் மருத்துவர் அல்ல. கேள்வி கேட்பது என் தொழில். இன்று நானே இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன். காரணம் என் சின்னம்மா மகள்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். ஒரு வாரம் உறங்கவில்லை. யாரோ பின்தொடர்வதாக அழுதாள். பிறகு வாய் தானாகக் கோணியது, கைகள் முறுக்கின. "காத்து கருப்பு அண்டியிருக்கு" என்றார்கள் பெரியவர்கள். எலுமிச்சம்பழம், திருநீறு, தாயத்து என்று 15 நாள் ஓடியது. காரை ஓட்டிக்கொண்டு போனவள் நான்தான். வலிப்பு வந்த இரவில்தான் எங்களுக்கு மருத்துவமனை நினைவுக்கு வந்தது.

அவளுக்கு என்னதான் நேர்ந்தது?

குளூட்டமேட் என்பது ஓர் அமினோ அமிலம். 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் கிக்குனே இக்கேடா கடற்பாசியில் கண்டறிந்த சுவை இதுதான்; நம் அடுப்படி அஜினோமோட்டோவில் இருப்பதும் இதுதான். ஆனால் சாப்பாட்டில் உள்ளது மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்து, ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குத் தூது அனுப்புகிறது.

அந்தத் தூதைப் பெறும் வாசல்களில் ஒன்று என்எம்டிஏ ஏற்பி. வங்கிப் பெட்டகம் போல இதற்கு இரண்டு சாவிகள். ஒன்று குளூட்டமேட். மற்றொன்று கிளைசின் அல்லது டி-செரின். இவையும் அமினோ அமிலங்களே. வாசலை மெக்னீசியம் வேறு அடைத்து நிற்கும். நரம்பணு ஏற்கெனவே தூண்டப்பட்டிருந்தால்தான் அது விலகும். உடனே கால்சியம் உள்ளே பாயும். நாம் கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் இது அடிப்படை.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே இந்த ஏற்பியைத் தாக்கினால்? ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து மறைந்துவிடும். சாவி இருக்கும், பூட்டு இருக்காது! இந்த மூளை அழற்சியை 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் அடையாளம் கண்டார்கள். அரிய நோய்தான், இளம்பெண்களிடம் அதிகம். சிலருக்குச் சினைப்பைக் கட்டி இதைத் தூண்டுகிறது. முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற சிகிச்சைகள் உண்டு; கட்டி இருந்தால் அகற்றுவார்கள்.

2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 501 நோயாளிகளில் 394 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்கு தேறினார்கள். 30 பேர் இறந்தார்கள். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியவர்களுக்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் நாங்கள் தொலைத்த 15 நாளுக்கு என்ன விலை?

நல்லவேளை, தங்கை தேறிவிட்டாள். அந்த நாட்கள் எதுவும் அவளுக்கு நினைவில்லை. எனக்கு மறக்கவில்லை.

பெற்றோரே, கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளை திடீரென மாறினால், உளறினால், வலிப்பு வந்தால், முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வேண்டுதலை அங்கே அமர்ந்தும் செய்யலாம்.