யார் பக்கத்துல உட்கார்ந்த?

(பெரியநாயக்கன்பாளையத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை முடிந்து, 2025 ஜூன் 2 அன்று பள்ளிகள் திறந்தன. என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். அன்று மாலை இந்த மேட்டுப்பாளையம் ரோட்டில் எல்லா அம்மாக்களும் கேட்டதைத்தான் நானும் கேட்டேன்: "சாப்புட்டியா கண்ணு?" அடுத்து, "யார் பக்கத்துல உட்கார்ந்த?" என்றேன். "குட்டையா இருக்கறவங்க எல்லாம் முன்னாடிம்மா" என்றாள். எனக்குப் பெரிய நிம்மதி. என் துணைவர்தான், "பிஎச்.டி. ஆராய்ச்சிய வீட்டுலயே ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தார்.

ஆராய்ச்சி இல்லை தோழர்களே, அனுபவம். நான் அருந்ததியர் வீட்டுப் பெண். அப்பா ஃபவுண்டரித் தொழிலாளி. ஆறாம் வகுப்பில் பள்ளி திறந்த முதல் வாரம், உதவித்தொகைக்குக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர், "எஸ்சி எல்லாம் எந்திரிங்க" என்றார். எழுந்து நின்றோம். மறுநாள் என் பெஞ்சில் இருந்த தோழி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். அந்த ஆசிரியர் கெட்டவர் அல்ல. எங்களுக்குப் பணம் வாங்கித் தரத்தான் கேட்டார். ஆனால் அதுவரை யார் எந்தத் தெரு என்று தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே நிமிடத்தில் சாதி தெரிந்துவிட்டது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றி அது சொன்னதை மட்டும் தொலைக்காட்சிகள் விவாதித்துவிட்டு ஓய்ந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. உதவித்தொகை பற்றி வகுப்பில் பேசக் கூடாது. தலைமையாசிரியர் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. பள்ளி திறக்கிற முதல் நாளே செய்துவிடலாம்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில், எட்டாம் வகுப்பு தலித் மாணவியை மாதவிடாய் என்று சொல்லி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்த்தித் தேர்வு எழுத வைத்தார்கள். அம்மாவே தனியாக உட்கார வைக்கச் சொன்னார் என்று சமாதானம் சொல்லப்பட்டது. தனி இடம் என்றால் ஒரு மேசை, நாற்காலி, மின்விசிறி கூடவா இருக்காது? அந்த அம்மா நேரில் போய் செல்போனில் படம் எடுத்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது. தலைமையாசிரியை இடைநீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்தக் குழந்தைக்கும் அந்த ஜூனில் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். எங்கே உட்கார்ந்தாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கசாதிப் பெற்றோர் கிளம்பினார்கள். அதிகாரிகள் அந்தச் சமையலரைத்தான் இடமாற்றினார்கள். நம் தோழர்கள் போராடிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. ஆக, பெற்றோர் ஒன்றுசேர்ந்தால் பள்ளி வளைந்து கொடுக்கும் என்பதை அவர்கள் நமக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்கள். நாமோ பள்ளி வாசலோடு திரும்பிவிடுகிறோம். படித்த நாமே இப்படி என்றால், ஷிப்ட் முடிந்து வருகிற மில் தொழிலாளி என்ன செய்வார்?

2009 கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. செங்குட்டைப்பாளையத்து அம்மாவிடம் இருந்தது அந்த செல்போன் மட்டும்தான். நமக்குக் குழு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது.

என் மகளின் பள்ளியில் அடுத்த கூட்டத்துக்கு சந்துரு குழுவின் பரிந்துரைகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறேன். இருக்கை, பதிவேடு, உதவித்தொகை ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்வேன். கழிவறையை யார் கழுவுகிறார்கள் என்றும் கேட்பேன். இங்கே தலித் அல்லாத தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எழுந்து பேசினால், "இவங்களுக்கு எப்பப் பாத்தாலும் சாதிதானுங்க" என்பார்கள். அதனால் உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் நீங்கள் எழுந்து கேளுங்கள்.