நிரல் எழுதப் பழகிய ஒரு நாள்

(மந்தாரக்குப்பம் ஜமாஅத் மண்டபத்தில் புதிதாய்க் கணினி நிரல் பயில்வோருக்காக நடைபெற்ற ஒருநாள் வகுப்பின் நிறைவில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதி வந்த நமக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். இன்று காலை நாமும் ஒரு மாணவராகவே கடைசி வரிசையில் அமர்ந்தோம். முதல் வரியிலேயே ஒரு மேற்கோள் குறியை விட்டுவிட்டோம். கணினி நம் வரியை ஏற்க மறுத்தது. பக்கத்திலிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, "ஹஜ்ரத், இங்கே ஒரு குறி விட்டுப்போயிற்று" என்று மெல்லச் சொல்லித் திருத்தினார். அல்ஹம்துலில்லாஹ்! மக்தபில் நம்மிடம் ஓதிய பிள்ளையிடம் நாம் பாடம் கேட்டோம். அதில் நமக்குக் குறைவொன்றும் ஏற்படவில்லை.

அன்பர்களே! இத்துறை நமக்கு அந்நியமானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி அவர்களின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்ற சொல் பிறந்தது. அவருடைய நூலின் தலைப்பிலுள்ள 'அல் ஜப்ர்' என்பதே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அந்நூலின் பெரும்பகுதி வாரிசுரிமை, வஸிய்யத் ஆகியவற்றின் கணக்குகளைப் பற்றியது. மக்களுக்குத் தேவையான ஒரு கணக்கை ஒழுங்கான படிகளாகப் பிரித்து எழுதுவதே நிரலின் அடிப்படை. தொழுகைக்குப் பின் 33, 33, 34 என்று எண்ணித் தஸ்பீஹ் ஓதுகிறோமே, "இத்தனை முறை செய், பின்பு நிறுத்து" என்னும் அந்த ஒழுங்கைத்தான் பிள்ளைகள் இன்று 'லூப்' என்ற பெயரில் கற்றார்கள்.

இன்று அவர்கள் பயின்ற மொழி பைத்தான். கைடோ வான் ராசம் என்னும் டச்சு அறிஞர் 1991இல் இதனை வெளியிட்டார். நம் மாநிலத்தின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் இதுவே இடம்பெற்றுள்ளது. இதனைப் பெற எவருக்கும் ஒரு பைசாவும் செலுத்த வேண்டியதில்லை.

வகுப்பு நடந்த முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினிகள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஆதலால் ஒரு கணினிக்கு இருவர் என அமர்த்தினோம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் ஒவ்வொரு வரியையும் படித்துப் பிழை பார்க்க வேண்டும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ள வேண்டும். பற்றாக்குறையால் நாம் செய்த இந்த ஏற்பாட்டை, பெரிய மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோரும் விரும்பிக் கையாளுகின்றனர் என்று ஆசிரியர் தம்பி விளக்கினார்.

ஒவ்வொரு இருவருக்கும் இரு நிறத்தில் ஒட்டுத்தாள்கள் கொடுக்கப்பட்டன. பயிற்சி முடிந்தால் பச்சைத்தாள். தடை ஏற்பட்டால் சிவப்புத்தாள். இது 1998இல் கிரெக் வில்சன் என்பவர் தொடங்கிய 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி' வகுப்புகளின் வழக்கமாகும். கையை உயர்த்தி "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளையும் ஒரு தாளை ஒட்டிவிடும். 2014இல் பெர்லின் நகரில் போலந்து நாட்டுப் பெண்மணிகள் இருவர் தொடங்கிய 'ஜாங்கோ கேர்ள்ஸ்' என்னும் ஒருநாள் வகுப்பில், மூவருக்கு ஒரு வழிகாட்டி என்று வைத்து, நிரல் அறியாத பெண்களுக்கு அம்முறையில் கற்பித்தார்கள். அது பல நாடுகளுக்கும் பரவிற்று. நமக்கு அருகிலுள்ள விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர், கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்பித்து வருகின்றனர். அவர்களால் இயலும்போது நம்மால் ஏன் இயலாது?

மதரஸாவில் ஓதிய உலமாக்களுக்கு இம்முறை புதிதன்று. உஸ்தாத் பாடம் நடத்தி முடித்த பின், இரவில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து 'தக்ரார்' செய்வோம். ஒருவர் பாடத்தைத் திரும்பச் சொல்ல, மற்றவர்கள் திருத்துவார்கள். உஸ்தாதிடம் கேட்க அஞ்சியதைத் தோழனிடம் கேட்போம். நாம் கற்றவற்றுள் நெஞ்சில் நிலைத்தது, பிறருக்குச் சொல்லிக் கொடுத்ததேயாகும்.

பெரியோர்களே! இப்போது சற்று வேதனையான ஒரு செய்தி. சென்ற ஆண்டு நம் மஹல்லாவின் வாலிபர் ஒருவர் பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய அனுமதியுடன், பெயர் கூறாமல் இதைச் சொல்கிறோம். நிரல் பாடம் அவருக்குப் புரியவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவுமில்லை. அரியர் சேர்ந்தது; அச்சமும் சேர்ந்தது. அவர் நம்மிடம் வந்தபோது, "துஆச் செய்யுங்கள் தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டோம். ஐந்து நிமிடம் அமர வைத்து, "எந்த இடத்தில் புரியாமற் போயிற்று?" என்று நாம் கேட்கவில்லை. அந்தக் குறை நம்முடையது.

இன்று அவரும் வந்திருந்தார். மதியத்திற்குப் பின் ஜகாத் கணக்கிடும் நிரல் எழுதும் பயிற்சி. செல்வம் நிஸாபை எட்டியிருந்தால் நூற்றுக்கு இரண்டரை எடுக்க வேண்டும். ஓர் இணையர் நான்கு லட்சம் ரூபாய் என்று கொடுத்தார்கள். பத்து லட்சம் ரூபாய் ஜகாத் என்று கணினி விடை சொன்னது! மண்டபமே சிரித்தது. அந்த வாலிபர் சிரிக்கவில்லை. எழுந்து சென்று வரிகளைப் படித்தார். "0.025 என்று பெருக்குவதற்குப் பதிலாக 2.5 என்று பெருக்கியிருக்கிறீர்கள், விடை பத்தாயிரம்தான்" என்றார். சிறுவர்கள் திருத்தினார்கள், பச்சைத்தாள் ஏறிற்று. அவர் மீண்டும் கல்லூரிக்குச் செல்வாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அஸருக்குப் பின் வேறு மூன்று மேசைகளில் அவரை அழைத்தார்கள் என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. விட்டுப்போன குறியைக் கணினி சுட்டிக்காட்டியது. தவறான கணக்கை அது சுட்டிக்காட்டவில்லை. 2022க்குப் பின் கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிவிட்டன. "இனி நாம் ஏன் கற்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். விடை சரியா தவறா என்று அறிய, மார்க்கத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், நிரலின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் பத்து லட்சத்தையும் நம்பிவிடுவான்.

பிழை இழிவன்று. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் கோளாறு ஏற்பட்டபோது, உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர்கள் அதனை எடுத்துத் தங்கள் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அவர்கள் பிழையை மறைக்கவில்லை, பதிவு செய்தார்கள்.

நாம் சுரங்கத்து மக்கள். 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது முதல் நம் பாட்டன், தந்தையர் கண்டது என்ன? பழுப்பு நிலக்கரியின் மேலே மண் மூடியிருக்கிறது. கீழே நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்துகிறது. அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை தாங்காது. நம் பிள்ளைகளின் உள்ளத்திலும் அறிவு இருக்கிறது. அதனடியில் அழுத்தும் நீர்தான் "நமக்கு வராது, நம்மைச் சிரிப்பார்கள்" என்ற அச்சம். முதலில் அதனை இறைக்க வேண்டும். ஒருவர் தனியே இறைத்து முடியாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவதாக, மாதம் ஒரு ஞாயிறு இம்மண்டபத்தை இவ்வகுப்பிற்கு ஒதுக்கித் தருமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். மாணவியருக்கு உரிய இடவசதியும், மாலை வீடு திரும்பத் துணையும் அதில் உறுதி செய்யப்பட வேண்டும். இரண்டாவதாக, பெற்றோர்கள் பிள்ளையிடம், "இதைப் படித்தால் எவ்வளவு சம்பளம்?" என்று முதலில் கேட்க வேண்டாம். "இன்று எந்தப் பிழையைத் திருத்தினாய்?" என்று கேளுங்கள். மூன்றாவதாக, சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் கணினித் துறையில் இருக்கும் நம் சகோதரர்கள் விடுமுறையில் வரும்போது அரைநாள் தாருங்கள். கற்ற கல்விக்கும் ஒரு ஜகாத் உண்டு என்று கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வகுப்பிலும் நாம் கடைசி வரிசையில் அமர்வோம். சிவப்புத்தாளை முதலில் நாமே ஒட்டுவோம்.

அறிந்ததைப் பகிரும் மனத்தையும், அறியாததைக் கேட்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.