மாட்டு வயித்துல கேரி பேக்

நம்ம குழுக்கள்ல நிறைய பேர் கடன் வாங்கித்தான் மாடு வளர்க்கிறோம். அந்த மாட்டுக்கு எமனா வர்றது நம்ம வீட்டு கேரி பேக். மிச்ச சோறையும் காய்த்தோலையும் கவர்ல போட்டு, முடிச்சுப் போட்டுத் தெருவுல எறியுறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுமா? கவரோட முழுங்கிடுது. அது செரிக்காது, வயித்துலயே சேர்ந்துக்கிட்டே போகும். மாடு அசை போடாது, பால் குறையும், வயிறு உப்பும். முத்திப்போனா வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். மாடு செத்தாலும் கடன் தவணை நிற்காது அக்கா.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இந்தப் பைகளுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் நாம கை நீட்டுற வரைக்கும் கடைக்காரர் கொடுக்கத்தான் செய்வார்.

எங்க வீட்டுல வாசல் ஆணியில ரெண்டு மஞ்சப்பை தொங்குது. எண்ணெய்க்கும் கறிக்கும் தூக்குவாளி. மிச்ச சோறு கழுநீர்த் தொட்டிக்கு, வெங்காயத்தோல், முட்டை ஓடு எல்லாம் உரக்குழிக்கு. இதுக்கு ஒத்த ரூபாய் செலவில்லை.

அடுத்த கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டுல எழுதுவோம்: “சோத்தைக் கவர்ல கட்டி எறிய மாட்டோம்.” எழுதிட்டா நாமே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கலாம்.