கண்காட்சிக் காளை தீனி எடுக்காவிட்டால்

மாட்டுப் பொங்கலும் கண்காட்சியும் நெருங்கினால், காளை பளபளப்பாக இருக்கட்டும் என்று சோறும் கஞ்சியும் வாளி வாளியாக வைத்துவிடுகிறோம். மறுநாள் அது தீனியை முகர்ந்துவிட்டு நிற்கிறது. “கண்ணு பட்டுடுச்சு” என்று வாலாஜாபாத் பக்கம் மிளகாய் சுற்றுவோம். கண்ணேறு இல்லைங்க, சோறு வயிற்றில் புளித்து அமிலமாகிவிட்டது.

இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கையை வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வயிறு அசைய வேண்டும். அசைவில்லை, அசைபோடவுமில்லை, புளித்த நாற்றத்தோடு கழிகிறது என்றால் ஆபத்து. சோற்றை நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து மருந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 எண்ணுக்கும் பேசலாம். நோயுற்ற காளையைக் கண்காட்சிக்கு ஓட்டிப் போகாதீர்கள். பிழைத்தால் அடுத்த வருஷம் போகலாம்.