சுவான்சௌ நகரில் ஒரு நாள்

முன்பெல்லாம் நம் தோட்ட மக்களுக்குப் பயணம் என்றால் பத்துமலைத் தைப்பூசம், மிஞ்சினால் தமிழ்நாடு. இன்று நிலை மாறியிருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமலே சீனாவுக்குக் குறுகிய காலம் சென்று வர முடிகிறது. ஆகவே, சிறுகச் சேமித்த பணத்தைக் கொண்டு குழுவாகச் சீன நகரங்களுக்கும் புறப்படுகிறார்கள். அங்கே கிடைக்கும் ஒரு நாளை எப்படிச் செலவிட்டால் நன்மை? எங்கள் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நாங்கள் 18 பேர் சுவான்சௌ நகரில் கழித்த ஒரு நாளைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

சுவான்சௌ, சீனாவின் தென்கிழக்கே பூஜியான் மாநிலக் கடற்கரையில் உள்ளது. நம் நாட்டு ஹொக்கியன் சீனர்களில் பலருடைய மூதாதையர் இந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறியவர்கள். நம் மளிகைக் கடைத் தவுக்கேயின் பூர்வீக ஊர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்த ஊருக்கும் நமக்கும் வேறொரு பழைய உறவும் உண்டு. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே நாங்கள் ஒரு முடிவு செய்தோம். முற்பகல் கண்ணுக்கு, பிற்பகல் கைக்கு. அதாவது, முதலில் பார்ப்பது, பிறகு வாங்குவது. காலையிலேயே கடைக்குள் நுழைந்துவிட்டால் பொழுதும் போய்விடும், பையும் கனத்துவிடும். பிறகு எதைப் பார்ப்பது?

முதலில் காய்யுவான் கோயிலுக்குச் சென்றோம். இது 686-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புத்தர் கோயில். அதன் வளாகத்தில் இரண்டு கற்கோபுரங்கள் நிற்கின்றன. இரண்டும் 13-ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் எட்டுப் பக்கமும் ஐந்து அடுக்கும் கொண்டு 40 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதே வளாகத்தில், 1974-இல் கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பழைய மரக்கப்பல் ஒன்றும் இருக்கிறது. அதன் அடிப்பகுதி 13 அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் மற்ற அறைகளுக்குப் பரவாது. அந்தக் கப்பலில் வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன.

அடுத்துப் பெரிய மண்டபத்தின் பின்புறம் சென்றோம். அங்கே இரண்டு கல்தூண்கள். அவற்றில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டு எல்லாரும் திகைத்து நின்றுவிட்டார்கள். புத்தர் கோயிலில் நம் சாமிகள் எப்படி வந்தன?

நேயர்களே, நான் சொல்வதாகச் சொன்ன உறவு இதுதான். 13-ஆம் நூற்றாண்டில் சுவான்சௌ உலகப் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்ட தமிழ் வணிகர்கள், நம் மலாக்கா நீரிணை வழியாக அங்கே போய் வந்தார்கள். 1281-இல் குப்லாய்கான் ஆண்ட காலத்தில் அங்கே ஒரு சிவன் கோயிலில் திருமேனியை எழுந்தருளச் செய்தார்கள். அதைத் தெரிவிக்கும் கல்வெட்டு அந்நகரிலேயே கிடைத்தது. அதில் தமிழ் எழுத்தும் சீன எழுத்தும் உண்டு. கோயில் பிற்காலத்தில் அழிந்தது. ஆனால் அதன் கற்களைச் சீன மக்கள் வீணாக எறிந்துவிடவில்லை. தங்கள் கோயிலைப் புதுப்பித்தபோது தூண்களை அங்கே நிறுத்தினார்கள். வேறு பல சிற்பக் கற்கள் அந்நகரின் கடல் வாணிப அரும்பொருளகத்தில் இருக்கின்றன.

எங்களுடன் வந்த, முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய அம்மா ஒருவர் அந்தத் தூணைத் தொடாமல், கைகூப்பிக்கொண்டே சொன்னார்: "வாத்தியாரய்யா, கப்பலேறுன நம்ம ஆளுங்க எல்லாரும் கூலிக்குத்தான் போனாங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

மரம் வெட்டிப் பிழைத்தது இழிவன்று. அந்த உழைப்பால்தான் இந்த நாடு செழித்தது. ஆயினும், அதுவே நம் முழு வரலாறும் அன்று. இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பிற்பகலில் கோயிலுக்கு அருகிலுள்ள மேற்குத் தெருவுக்குச் சென்றோம். இருபுறமும் கடைகள். அவ்வட்டாரத்து அன்சி மலைத் தேயிலை, தெஹுவா வெண்பீங்கான், நூலில் ஆடும் மரப்பொம்மைகள் ஆகியவை அவ்வூர்ச் சிறப்புகள். இங்கே நாங்கள் கற்றவை சில உண்டு.

முதலாவது, எடை. தேயிலைக்கு 'ஜின்' கணக்கில் விலை சொல்வார்கள். அது நம் பழைய கட்டி என்று எண்ணிவிடாதீர்கள். நம் கட்டி ஏறத்தாழ 605 கிராம். சீனாவின் ஜின் 500 கிராம்தான். விலையை ஒப்பிடும்போது இந்த நூறு கிராமை மறந்தால் ஏமாற்றம் நமக்கே.

இரண்டாவது, தேநீர். கடைக்காரர் உட்காரவைத்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றிக் கொடுப்பார். குடித்துவிட்டோமே என்பதற்காக வாங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. நன்றி சொல்லி எழுந்து வரலாம்.

மூன்றாவது, பணம். அங்கே பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பணம் செலுத்துகிறார்கள். அதற்குரிய செயலியை இங்கேயே பதிவு செய்துகொள்ளுங்கள். வயதானவர்கள் சிறிய யுவான் தாள்களை வைத்திருப்பது நல்லது. பெரிய தாளுக்குச் சில்லறை கிடைப்பது அரிது. குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் உறையில் போட்டுவிட்டால், உறை காலியானதும் கடையும் முடிந்தது.

நான்காவது, பேச்சு. கிள்ளான் சந்தையில் ஹொக்கியன் பேசிப் பழகிய எங்கள் குழு அக்காள் ஒருவர் அதே மொழியில் விலை கேட்டார். கடைக்காரக் கிழவிக்கு வியப்பும் சிரிப்பும் தாங்கவில்லை! விலையும் சற்று இறங்கியது. அண்டை வீட்டார் மொழியைக் கற்றால் அது எந்தக் கரையிலும் உதவும்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கி வாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்துடன் ஓர் உலகப் படத்தையும் விரித்து வையுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து கடாரம், மலாக்கா நீரிணை வழியே சுவான்சௌ வரை, பிள்ளையின் கையாலேயே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். பொம்மை உடைந்த பிறகும் அந்தக் கோடு அவன் மனத்தில் இருக்கும்.