சேர் இல்லாத நேர்சரி



காலை ஏழரை மணிக்குக் கெலிஓயாச் சந்தியில், பேராதனைக்கும் கம்பளைக்கும் ஓடும் பஸ்களுக்கு நடுவே நேர்சரி வேன்கள் ஒதுங்கி நிற்கும். வேன் மாமா கதவைத் திறப்பார், தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிவிடுவார், அழுகிற பிள்ளையைத் தூக்கி இறக்குவார். கேற்றோடு அவர் வேலை முடிந்துவிடும். உள்ளே போனால் எல்லாருமே டீச்சர்மார்தான். 'சேர்' என்று கூப்பிட ஓர் ஆள் கிடையாது.

இலங்கை முழுக்க ஏறக்குறைய இதே நிலைதான். ஐரோப்பாவிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அங்கே இரண்டு நாடுகள் இதை மாற்றப் புறப்பட்டன.

நோர்வே முந்திக்கொண்டது. முன்பள்ளி ஊழியர்களில் நூற்றுக்கு 20 பேர் ஆண்களாக இருக்க வேண்டும் என்று 1990களிலேயே இலக்கு வைத்தது. தகுதி சமமாக இருந்தால் ஆணுக்கு முன்னுரிமை தரலாம் என 1998இல் விதியும் செய்தது. இத்தனைக்கும் பிறகு அங்கே ஆண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான்.

ஜேர்மனியின் கதை இன்னும் வேடிக்கை. 1837இல் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழிக் கல்வியைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் சூட்டிய ஃப்ரோபெல் ஓர் ஆண். அவரே பெண்களைத் தேடிப் பயிற்றுவித்தார். காலப்போக்கில் ஆண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 2010 வாக்கில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான் ஆண்கள். 2011இல் அரசு தனித் திட்டம் போட்டது. வேறு தொழிலிலிருந்து வருகிறவர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கொடுக்கும் திட்டமும் 2015இல் வந்தது. இன்று அந்த எண்ணிக்கை ஏழைத் தாண்டிவிட்டது.

"சின்னப் பிள்ளைகளோடு மாரடிக்க ஆம்பிளைக்குப் பொறுமை ஏது?" என்பார்கள் நம்மவர்கள். யாழ்ப்பாணத்துத் திண்ணையில் மணலில் விரல் பிடித்து 'அ' எழுதவைத்தவர் அண்ணாவியார். முஸ்லிம் ஊர்களில் அலிஃப் சொல்லிக்கொடுத்தவர் லெப்பை. விஜயதசமிக்கு ஏடு தொடக்க இன்றும் ஐயரிடம்தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? அவர்களுடைய பிரம்பு வேண்டாம்தான். ஆனால் ஆணிடம் சின்னப் பிள்ளை படிக்காது என்பது நம் ஊர் வழக்கமே அல்ல.

உண்மையான தடை சம்பளம். முன்பள்ளி ஆசிரியைக்கு அரசு மாதாமாதம் தந்துவந்த கொடுப்பனவு 2,500 ரூபாய். மிச்சம் பெற்றோர் கட்டும் காசில். கெலிஓயாவிலிருந்து கண்டிக்குத் தினமும் பஸ் ஏறுகிறவருக்குப் போக்குவரத்துச் செலவுக்கே அது காணாது. பெண்கள் இதில் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய உழைப்பை மலிவாக வாங்கப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

ஆண் ஆசிரியரால் பிள்ளைக்குத் துன்புறுத்தல் நேர்ந்துவிடுமோ என்ற பயமும் பெற்றோருக்கு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பிள்ளையோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், வெளியிலிருந்து பார்க்கக்கூடிய வகுப்பறை என்ற ஒழுங்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியது.

ஜனவரியில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்குமுன் பாலர் பாடசாலை நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். ஆசிரியர் தேவை என்று விளம்பரம் போடும்போது, ஆண்களும் விண்ணப்பிக்கலாம் என ஒரு வரி சேர்த்து, வாழப் போதுமான சம்பளத்தையும் அதிலேயே எழுதிப் போடுங்கள்.